ஒரே பங்கு, ரெண்டு கரன்சி... டாலர் மாற்றும் செலவை மிச்சப்படுத்தும் 'நார்பர்ட் காம்பிட்'!

'கரன்சி மாற்றக் கட்டணம் கிடையாது' என்று ஆப்பில் பார்த்ததும் சந்தோஷப்படுகிறவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்க. நகைக்கடையில் 'செய்கூலி இல்லை' என்று பெரிய போர்டு வைத்துவிட்டு சேதாரத்தில் சேர்த்து வாங்குவார்களே, அதே கதைதான் இங்கேயும். கட்டணம் என்ற பெயரில் வாங்க மாட்டார்கள். ரேட்டுக்குள்ளேயே வைத்து வாங்கிவிடுவார்கள்.

இந்தச் சேதாரத்தைக் குறைக்க, கனடாவில் இருக்கிற சின்ன முதலீட்டாளர்கள் பல வருடங்களாக ஒரு வழியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பெயர் 'நார்பர்ட் காம்பிட்'. முழுக்க சட்டபூர்வமானது. கனடாவின் புரோக்கர்கள் பலருக்கும் பழக்கமானது. டொரன்டோவிலோ, மார்க்கமிலோ இருக்கிற உங்கள் அண்ணனோ, தோழியோ அமெரிக்கப் பங்குகள் வாங்குகிறார் என்றால், அவருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பலாம். நீங்களே அங்கே இருந்தால், அடுத்த முறை 'கன்வெர்ட்' பட்டனைத் தட்டுவதற்கு முன் இதைப் படிச்சிடுங்க.

பணம் எங்கே போகுது?

செய்திகளிலும் கூகுளிலும் நீங்கள் பார்க்கிற டாலர் மதிப்பு, 'மிட் மார்க்கெட்' ரேட். பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற எண் அது. அந்த ரேட் உங்களுக்குக் கிடைக்காது. கனடாவின் பங்கு புரோக்கர்கள் பலர், அதற்கு மேல் ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவிகிதம் வரை சேர்த்துத்தான் அமெரிக்க டாலரைத் தருகிறார்கள்.

1.5 சதவிகிதம்தானே என்று தோன்றும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, 1 அமெரிக்க டாலர் = 1.40 கனடா டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 14,000 கனடா டாலர் இருக்கிறது. நியாயமாக 10,000 அமெரிக்க டாலர் வர வேண்டும். புரோக்கர் 1.5 சதவிகிதம் சேர்த்து 1.421 என்ற ரேட்டில் தருகிறார். கைக்கு வருவது சுமார் 9,852 டாலர். ஒரு பட்டனைத் தட்டியதற்கு 148 அமெரிக்க டாலர் போச்சு. பிறகு பங்குகளை விற்று மறுபடி கனடா டாலராக மாற்றும்போது இன்னொரு முறை வெட்டுவார்கள். போக வர 3 சதவிகிதம். உங்கள் பங்கு 3 சதவிகிதம் ஏறினால்தான் முதலுக்கே மோசமில்லாமல் தப்பிக்க முடியும்.

அது என்ன நார்பர்ட்?

நார்பர்ட் ஷ்லெங்கர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த முதலீட்டு ஆலோசகர். இந்த முறையைப் பரவலாக்கியவர் என்பதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 'காம்பிட்' செஸ் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த வார்த்தை. ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்து, பிறகு பெரிய லாபத்தை எடுக்கும் உத்தி. இங்கே கொடுக்கிற சிப்பாய், இரண்டு சின்ன கமிஷன்களும் கொஞ்சம் நேரமும்.

யோசனை ரொம்ப சிம்பிள். ராயல் பேங்க் ஆஃப் கனடா, டி.டி வங்கி, என்பிரிட்ஜ், ஷாப்பிஃபை போன்ற கனடா நிறுவனங்களின் பங்குகள் டொரன்டோ பங்குச்சந்தையில் கனடா டாலரிலும், அமெரிக்கச் சந்தையில் அமெரிக்க டாலரிலும் வர்த்தகமாகின்றன. இரண்டும் வேறு வேறு பங்குகள் கிடையாது. ஒரே பங்குதான், விலைச்சீட்டு மட்டும் இரண்டு. டொரன்டோவில் கனடா டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் விற்றால் கையில் இருப்பது அமெரிக்க டாலர். கரன்சி மாறிவிட்டது. ஆனால், நீங்கள் 'கன்வெர்ட்' பட்டனைத் தொடவே இல்லை.

சரி, இதில் உங்களுக்குக் கிடைக்கிற ரேட் நியாயமானது என்று எப்படி நம்புவது? இரண்டு சந்தைகளிலும் விலை கொஞ்சம் விலகினாலும், மலிவான இடத்தில் வாங்கி விலை அதிகமான இடத்தில் விற்க பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் காத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தப் போட்டி, இரு விலைகளையும் அன்றைய டாலர் ரேட்டோடு ஒட்டியே வைத்திருக்கிறது. பெரிய வங்கிகளுக்குக் கிடைக்கிற ரேட்டுக்கு மிக அருகில் உள்ள ஒன்று, பங்கின் வழியாக உங்களுக்கும் கிடைத்துவிடுகிறது.

வங்கிப் பங்கு வேண்டாம்... டி.எல்.ஆர் போதும்!

வங்கிப் பங்கை வைத்து இதைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவில் பங்கின் விலை இறங்கலாம். ஒரே நாளில் ஒரு பங்கு 1 சதவிகிதம் இறங்குவது சாதாரணம். நீங்கள் மிச்சப்படுத்த நினைத்ததே 1.5 சதவிகிதம்தான்.

இதற்கு 2011-ல் ஒரு தீர்வு வந்தது. அமெரிக்க டாலர் ரொக்கத்தையும் அதற்கு இணையானவற்றையும் மட்டுமே வைத்திருக்கும் ஓர் இ.டி.எஃப். அன்று ஹொரைஸன்ஸ், 2024 முதல் குளோபல் எக்ஸ் என்ற பெயரில் இருக்கும் நிறுவனம் இதை நடத்துகிறது. டொரன்டோ சந்தையில் 'டி.எல்.ஆர்' என்ற குறியீட்டில் கனடா டாலரிலும், 'டி.எல்.ஆர்.யு' என்ற குறியீட்டில் அமெரிக்க டாலரிலும் இதன் யூனிட்டுகள் கிடைக்கும். உள்ளே இருப்பதே டாலர் என்பதால், அமெரிக்க டாலரில் இதன் விலை பெரிதாக அசையாது.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. முதலில், உங்கள் புரோக்கர் கணக்கில் அமெரிக்க டாலருக்குத் தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் திறக்காமல் ஆரம்பிக்காதீங்க.

2. கனடா டாலர் பகுதியில் டி.எல்.ஆர் வாங்குங்கள். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம். விலையை நீங்களே குறிப்பிடும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

3. யூனிட்டுகள் கணக்கில் வந்து சேரட்டும். 2024 மே 27 முதல் கனடாவில் இதற்கு ஒரு வேலை நாள் போதும்.

4. 'என் டி.எல்.ஆர் யூனிட்டுகளை டி.எல்.ஆர்.யு-வாக அமெரிக்க டாலர் பகுதிக்கு மாற்றுங்கள்' என்று புரோக்கரிடம் கேளுங்கள். இதற்கு 'ஜர்னலிங்' என்று பெயர். சில இடங்களில் ஆப்பிலேயே முடியும். சில இடங்களில் சாட்டில் கேட்கணும், இல்லை போன் பண்ணணும். சிலர் உடனே செய்வார்கள், சிலருக்கு சில நாள்கள் ஆகும்.

5. மாறியதும் டி.எல்.ஆர்.யு-வை விற்றுவிடுங்கள். அமெரிக்க டாலர் உங்கள் கணக்கில்.

அமெரிக்க டாலரைக் கனடா டாலராக்க, இதையே தலைகீழாகச் செய்யணும். டி.எல்.ஆர்.யு வாங்கி, டி.எல்.ஆர் ஆக மாற்றி, விற்க வேண்டும்.

மிச்சம் எவ்வளவு?

அதே 14,000 கனடா டாலரை இந்த வழியில் மாற்றிப் பார்ப்போம். டி.எல்.ஆர் 14.15 கனடா டாலருக்குக் கிடைக்கிறது, டி.எல்.ஆர்.யு 10.10 அமெரிக்க டாலருக்கு விற்க முடிகிறது, ஒவ்வோர் ஆர்டருக்கும் கமிஷன் 9.95 என்று வைத்துக்கொள்வோம்.

* 988 யூனிட்டுகள் வாங்க, கமிஷனோடு சேர்த்து 13,990.15 கனடா டாலர்.
* அதே 988 யூனிட்டுகளை விற்றால், கமிஷன் போக 9,968.85 அமெரிக்க டாலர்.
* பட்டனைத் தட்டியிருந்தால் கிடைத்திருப்பது 9,852 டாலர்.

வித்தியாசம், சுமார் 116 அமெரிக்க டாலர். கனடா டாலரில் 160-க்கு மேல். கமிஷனே வாங்காத புரோக்கராக இருந்தால் மிச்சம் இன்னும் கூடும்.

ஆனால், 500 டாலர் மாற்றுவதற்கு இவ்வளவு மெனக்கெடாதீங்க. அந்தத் தொகைக்கு 1.5 சதவிகிதம் என்பது ஏழரை டாலர்தான். இரண்டு கமிஷன்களே 24 கனடா டாலர் வந்துவிடும். மேலே சொன்ன கமிஷன் கணக்குப்படி, சுமார் 1,700 கனடா டாலருக்கு மேல் மாற்றினால்தான் இது லாபம். அதைத் தாண்டினாலும் முதல் சில நூறு டாலர்களில் மிச்சமாவது ஒரு காபி காசுதான். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறவர்கள், சேர்த்து வைத்து ஒரே முறையாகச் செய்வது நல்லது.

காத்திருக்கும் நாள்களில் என்ன நடக்கும்?

'ஜர்னலிங் முடிவதற்குள் டாலர் ரேட் மாறிட்டா?' புதிதாகச் செய்கிற எல்லோருக்கும் வரும் பயம் இது. பதில், நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கனடா டாலரிலிருந்து அமெரிக்க டாலருக்குப் போகிறீர்கள் என்றால், டி.எல்.ஆர் வாங்கிய அந்த நிமிடமே உங்கள் ரேட் முடிவாகிவிட்டது. நீங்கள் வைத்திருப்பதே அமெரிக்க டாலர் நிறைந்த ஒரு பை. அதன் பிறகு ரேட் ஏறினாலும் இறங்கினாலும், கடைசியில் கிடைக்கப்போகும் அமெரிக்க டாலர் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாது.

எதிர்ப்பக்கம் போகிறவர்களுக்குத்தான் கவனம் தேவை. டி.எல்.ஆர்.யு வாங்கிக் காத்திருக்கும்போதும் உங்களிடம் இருப்பது அமெரிக்க டாலர்தான். கடைசியாக டி.எல்.ஆரை விற்கும் நிமிடத்தில் இருக்கிற ரேட்தான் உங்களுக்குக் கிடைக்கும். அதற்குள் கனடா டாலர் வலுவாகிவிட்டால் மிச்சம் கரைந்துபோகும், பலவீனமானால் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த வாரம் வீட்டு முன்பணம் கட்ட வேண்டியவர், அந்தப் பணத்தை வைத்து இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம்.

இந்த இடங்களில்தான் சறுக்கும்!

*அமெரிக்க டாலர் பகுதி இல்லாத கணக்கு:* டி.எல்.ஆர்.யு-வை விற்றதும் வந்த டாலரை, புரோக்கரின் கம்ப்யூட்டர் தானாகவே கனடா டாலராக மாற்றிவிடும், அதுவும் தன் ரேட்டில். சுற்றிச் சுற்றி வந்து, தப்பிக்க நினைத்த அதே இடத்தில் போய் விழுந்த மாதிரி ஆகிடும். வரிச் சலுகைச் சேமிப்புக் கணக்குகளில் இந்தப் பகுதியை எல்லா புரோக்கர்களும் தருவதில்லை. விசாரிச்சுக்கோங்க.

*பணத்தை வெளியே எடுப்பது:* புரோக்கரிடமிருந்து வங்கிக்கு மாற்றும்போது, வங்கியிலும் அமெரிக்க டாலர் கணக்கு இருக்க வேண்டும். சாதாரணக் கணக்கைக் கொடுத்தால் அங்கேயும் ஒரு வெட்டு.

*ஸ்ப்ரெட்:* வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியும் ஒரு செலவுதான். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களிலும், மூடுவதற்கு முந்தைய சில நிமிடங்களிலும் இந்த இடைவெளி விரியலாம். அந்த நேரத்தைத் தவிருங்கள். ஜூலை 1 கனடாவுக்கு விடுமுறை, ஜூலை 4 அமெரிக்காவுக்கு. ஒரு சந்தை மூடியிருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

*பகுதி யூனிட்:* முழு யூனிட்டுகளாக மட்டும் வாங்குங்கள். பின்னத்தில் வாங்கியதை மாற்றித் தருவது சிக்கலாகலாம்.

*தனிக் கட்டணம்:* ஜர்னலிங்குக்குச் சில இடங்களில் கட்டணம் உண்டு. போனில் ஆர்டர் கொடுத்தால் கமிஷன் அதிகமாகலாம். ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள், 'முழுசா எவ்வளவு ஆகும்?'

*வரி:* சாதாரணக் கணக்கில் இதைச் செய்தால், வாங்கி விற்றதில் வரும் சின்ன லாபமோ நஷ்டமோகூட வரிக் கணக்கில் வரும். கனடா வரித்துறைக்குக் கணக்கு கனடா டாலரில்தான். இரண்டு ஆர்டர்களின் ரசீதையும் அன்றைய ரேட்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆர்.ஆர்.எஸ்.பி, டி.எஃப்.எஸ்.ஏ கணக்குகளுக்குள் செய்தால் இந்தத் தலைவலி இல்லை.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் போன்ற நிறுவனங்கள். அங்கே நேரடியாகவே மிட் மார்க்கெட்டுக்கு மிக அருகிலான ரேட்டில் கரன்சி மாற்றலாம், குறைந்தபட்சக் கமிஷன் 2 அமெரிக்க டாலர். ஏற்கெனவே வேறு புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்து, மாற மனமில்லாதவர்களுக்குத்தான் காம்பிட்.

நம்ம ஊர்ல முடியுமா?

'இன்ஃபோசிஸ் மும்பையிலும் இருக்கு, நியூயார்க்கிலும் இருக்கு. இங்கே ரூபாயில் வாங்கி அங்கே டாலரில் வித்துட்டா?' இதைப் படிக்கும்போதே உங்களில் பலருக்கு இந்த ஐடியா வந்திருக்கும். வராது, பாஸ்!

நியூயார்க்கில் வர்த்தகமாவது இன்ஃபோசிஸின் நேரடிப் பங்கு இல்லை. பங்குகளை ஒரு வங்கியிடம் வைத்து, அதற்கு ஈடாகக் கொடுக்கப்படும் ஏ.டி.ஆர் என்ற ரசீது. விப்ரோ, ஐ.சி.ஐ.சி.ஐ வங்கி, ஹெச்.டி.எஃப்.சி வங்கி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ராயல் பேங்க் விஷயத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே பங்கு என்பதால், ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்த்தினால் போதும். இங்கே பங்கை ரசீதாக மாற்றியாக வேண்டும். 2002-ல் ரிசர்வ் வங்கி அந்த மாற்றத்துக்கு வழிவிட்டது. ஆனால், ஏற்கெனவே ரசீதிலிருந்து பங்காக மாறி இங்கே விற்கப்பட்ட அளவுக்குத்தான் புதிதாக ரசீது உருவாக்க முடியும். அதுவும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கான வழி. உங்கள் டீமேட் கணக்கில் இருக்கிற பத்து இன்ஃபோசிஸ் பங்கை நீங்கள் நியூயார்க்குக்கு அனுப்ப முடியாது.

இந்தத் தடையால்தான், இன்ஃபோசிஸ் ஏ.டி.ஆர் முன்பு பல வருடங்கள் மும்பை விலையைவிட நன்றாகவே கூடுதலாக விற்றது. இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வர முடிந்தால்தான் விலைகள் சமமாகும். வழியில் கேட் போட்டிருந்தால் ஆகாது. நார்பர்ட் காம்பிட் கனடாவில் வேலை செய்வதற்கு நார்பர்ட்டின் புத்திசாலித்தனம் மட்டும் காரணம் இல்லை. கனடா டாலரை எவ்வளவு வேண்டுமானாலும் அமெரிக்க டாலராக்க அங்கே தடை இல்லை. இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டத்தில், ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம், அதுவும் வங்கி வழியாக.

அதனால், 'நான் ரூபாயை டாலரா மாத்தித் தர்றேன், பேங்க் ரேட்டைவிடக் கம்மி' என்று டெலிகிராமில் யாராவது வந்தால், அதற்குப் பெயர் காம்பிட் இல்லை. அங்கீகாரம் இல்லாதவரிடம் அந்நியச் செலாவணி வாங்குவது ஃபெமா சட்டப்படி தவறு. பணம் போனாலும் புகார் கொடுக்கப் போக முடியாத நிலையில் நிற்பீங்க.

எல்லோருக்கும் பயன்படும் ஒரு கணக்கு

நீங்கள் கனடாவில் இல்லாமல் இருக்கலாம், டி.எல்.ஆர் வாங்கவே தேவைப்படாமலும் போகலாம். ஆனால், ஊருக்குப் பணம் அனுப்பும்போதும், வெளிநாட்டு வெப்சைட்டில் கார்டைத் தேய்க்கும்போதும், படிப்புக்கு ஃபீஸ் கட்டும்போதும் இதே சேதாரம் உங்களிடமும் வாங்கப்படுகிறது. இந்தியாவின் பல கிரெடிட் கார்டுகளில் அது 3.5 சதவிகிதம் வரை போகிறது, அதற்கு மேல் ஜி.எஸ்.டி வேறு.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். அன்றைய மிட் மார்க்கெட் ரேட்டை கூகுளில் பாருங்கள். அந்த ரேட்டில் எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். கையில் எவ்வளவு வரும் என்று ஆப் காட்டுவதை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுகிற எண்தான் நிஜமான கட்டணம், விளம்பரத்தில் 'பூஜ்ஜியம்' என்று போட்டிருந்தாலும். இரண்டு, மூன்று ஆப்களில் ஒரே நேரத்தில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, எதில் அனுப்புவது என்று முடிவு பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்.